ஜாமீன் கையெழுத்து கேட்கும் நண்பன்

கேள்வி: இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் என் நண்பன், பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறான். போட்டால் பணம் போகுமோ, மறுத்தால் நட்பு போகுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், கச்சிராயபாளையம்

பதில்: "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். பேனா மை காய ஒரு நிமிஷம், கடன் தீரப் பல வருஷம்! 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் அறிக்கையிலும் கறை விழலாம். நாளைக்கு உங்கள் பிள்ளையின் கல்விக் கடனுக்கு அதுவே முட்டுக்கட்டை.

அதனால் முதலில் கணக்கு கேளுங்கள். எவ்வளவு, எதற்கு, ஆலைப் பணம் தாமதமானால் தவணைக்கு என்ன வழி? நல்ல நண்பன் இதற்குக் கோபப்பட மாட்டான். விவசாயக் கடன் என்றால், 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதைச் சொல்லி, அவருடன் வங்கிக்கு நீங்களும் போங்கள். அதுவும் பெரிய உதவிதான்.

முழுக் கடனையும் நீங்களே கட்ட நேர்ந்தாலும் தாங்குவீர்கள், வீட்டிலும் சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் இழுத்தடிக்காமல் நேரில் சொல்லிவிடுங்கள். இன்று சொல்லும் 'முடியாது' ஒரு வாரம் வலிக்கும். வங்கி நோட்டீஸ் ஆயுசுக்கும் வலிக்கும்.