ஊசி மட்டும் மாத்தினா போதும்

ஊசியாரின் பட்ஜெட் பத்தாயிரம். பழைய டர்ன்டேபிள் ஒன்றை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த காலத்திலும் பத்தாயிரம்தான். பெட்ரோலும் புடலங்காயும் எங்கேயோ போய்விட்ட இன்றைக்கும் அதே பத்தாயிரம்தான். "நமக்கெல்லாம் பெரிய செட்டு எதுக்கு சார்? இருக்கறதையே கொஞ்சம் தேத்திக்கிட்டா போதும்" என்பார். தேற்றி முடித்துவிட்டு அவர் ஒரு பாட்டை நிம்மதியாக உட்கார்ந்து கேட்டதாக அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

மாம்பலம், நங்கநல்லூர், திருச்சி தில்லைநகர், கோவை ஆர்.எஸ்.புரம் என்று ஊருக்கு நாலு ஊசியார்கள் தேறுவார்கள். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன பிரஷ் இருக்கும். வீட்டில் கொலுப்படி முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள், நவராத்திரிக்கு ஒன்பது நாள் மட்டும் அவை கட்டிலுக்குக் கீழே குடிபோகும். ஹாலில் யாரும் வேகமாக நடக்கக் கூடாது. நடந்தால் ஊசி குதிக்கும். ஊசி குதித்தால் ஊசியாரும் குதிப்பார்.

எனக்குத் தெரிந்த ஊசியார் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலிடத்து அனுமதி தேவைப்படாத அளவுக்கு ஒரு வேலையைத் துண்டு துண்டாக்கி எஸ்டிமேட் போடுகிற கலையை அங்கேதான் கற்றார். அந்தக் கலை இப்போது வீட்டில் கைகொடுக்கிறது. வீட்டம்மாவிடம் கேட்காமல் செலவழிக்க அவருக்குள்ள உச்சவரம்பு மூவாயிரம். ஆகவே இந்த மாதம் ஹெட்ஷெல், அடுத்த மாதம் அதற்கான நாலு மெல்லிய ஒயர், அதற்கடுத்த மாதம் ஸ்க்ரூ. எந்தத் தணிக்கையிலும் அவர் மாட்டியதில்லை. தணிக்கை செய்ய வேண்டிய அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம். "ஸ்க்ரூவுக்கு எண்ணூறு ரூபாயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "அது டைட்டானியம்மா" என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டார்.

எல்லாம் ஊசியில்தான் ஆரம்பிக்கும். மலிவான டர்ன்டேபிள்கள் பலவற்றில் வரும் ஆடியோ டெக்னிக்கா 3600 கார்ட்ரிட்ஜ் பாவம், உழைப்பாளி. மூன்று கிராம் பாரத்தைப் போட்டால் சொன்ன பேச்சு கேட்கும். அதை எடுத்துவிட்டு அதே கம்பெனியின் வி.எம்.95 வரிசையில் பச்சை ஊசியைப் போட்டால் இரண்டு கிராமே போதும். பாட்டும் நிஜமாகவே தெளியும். சின்ன பட்ஜெட்டில் இதைவிட நல்ல செலவு கிடையாது என்று நானே சாட்சி சொல்வேன். ஊசியார் இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த வரிசையில் ஒரு விசேஷம் உண்டு. கார்ட்ரிட்ஜின் உடம்பு ஒன்றே. ஊசியை மட்டும் இழுத்து எடுத்துவிட்டு அடுத்த ரக ஊசியைச் செருகலாம். பச்சைக்கு மேலே சிவப்பு இருக்கிறது. முனை இன்னும் நுணுக்கம், விலை இன்னும் அதிகம். "உடம்பு ஏற்கெனவே இருக்கு சார். ஊசி மட்டும் மாத்தினா போதும்" என்று ஊசியார் சொல்லும்போது அவர் கண்ணில் தெரிகிற சிக்கனப் பெருமிதத்தைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு ஊசி வந்ததும் பழைய ரெக்கார்டுகளில் இதுவரை கேட்காத நுணுக்கங்கள் கேட்கும். கீறல், பூஞ்சை, எப்போதோ யாரோ சிந்திய காபி எல்லாம் துல்லியமாகக் கேட்கும். உடனே ரெக்கார்டு கழுவும் படலம். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர், மருந்துக்கடையில் ஆல்கஹால், சமையலறையில் இருந்து பெரிய தாம்பாளம். வினைல் தட்டுக்கு ஆல்கஹால் கலந்த தண்ணீர் சரி. அதே தண்ணீரைப் பழைய 78 சுற்று அரக்குத் தட்டில் விட்டால் அரக்கு கரையும். ஊசியார் இதைத் தெரிந்துகொண்டது அவருடைய தாத்தா காலத்து நாடகப் பாட்டு ஒன்றின் செலவில்.

அடுத்தது ப்ரீஆம்ப். கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் ஐந்து மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். அதுவும் நேராக வராது. ரெக்கார்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை அடக்கி, உச்ச ஒலிகளைத் தூக்கி வெட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் தவில் விழுகிற இடத்தில் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும். 1954இல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் இதற்கு ஒரு பொது அளவு வகுத்தது. அந்த மில்லிவோல்ட்டைப் பெருக்குவதோடு, கேட்கும்போது அந்த அளவைத் தலைகீழாக்கிக் கொடுப்பதும் ப்ரீஆம்பின் வேலை. இந்தப் பாடத்திலிருந்து அவர் வீட்டுக்குப் பால் போடுகிறவர்கூடத் தப்பியதில்லை. புது ப்ரீஆம்ப் மாட்டிய அன்று ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வந்தது. டர்ன்டேபிளின் உலோகப் பகுதியில் விரலை வைத்தால் ஹம் நின்றது. எடுத்தால் வந்தது. அன்று இரவு முழுக்க ஒரு விரலை அங்கே வைத்தபடியே நாகஸ்வரம் கேட்டார். மறுகையால் சாப்பிட்டார்.

மின்சாரம் பற்றிப் பேசும்போது மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டர்ன்டேபிளைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே வோல்டேஜ் 110 முதல் 120 வரை, இங்கே 230. அதற்கென்ன என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். வோல்டேஜ் அடங்கியது. மறுநாள் காலை பூஜை நேரத்தில் சஷ்டி கவசம் போட்டார். சூலமங்கலம் சகோதரிகள் சகோதரர்களாக மாறியிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர சைக்கிளைத் தொடாது. அமெரிக்காவில் நொடிக்கு 60, இங்கே 50. அந்த மாதிரிப் பழைய ஏ.சி. மோட்டார் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சுற்றும். முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்ற வேண்டிய தட்டு இருபத்தெட்டைக்கூடத் தொடவில்லை. சின்ன வயதில் பாட்டு கற்ற வீட்டம்மாதான் கண்டுபிடித்தார். "ஏங்க, சுருதி மூணு ஸ்வரஸ்தானம் கீழ இருக்கே!" அறுபதுக்கு ஐம்பது, அதாவது ஆறுக்கு ஐந்து. சங்கீதக் கணக்கில் ஆறுக்கு ஐந்து என்பது சாதாரண காந்தாரம். இரண்டு நாட்டு மின்சாரத்துக்கும் இடையே இப்படி ஒரு ராக லட்சணம் இருப்பது எந்த மின்வாரியத்துக்கும் தெரிந்திருக்காது.

ஊசியார் மனம் தளரவில்லை. கொஞ்சம் பெரிய புல்லி மாட்டினால் வேகம் ஏறும் என்று லேத் பட்டறைக்குப் போய்விட்டார்.

ரிச்சி ஸ்ட்ரீட் ஒரு கண் என்றால், பழைய மூர் மார்க்கெட் கடைகள் இடம்மாறிய அல்லிக்குளம் வளாகம் இன்னொரு கண். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கேயிருந்த பழைய ரெக்கார்டுகள் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் துக்கம் விசாரிக்கும் தொனியில் பேசுவார். பேசியபடியே ஒரு ரெக்கார்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். கடைக்காரர் அலுத்துப்போய், "சார், பாட்டு நல்லாருக்கும், எடுத்துட்டுப் போங்க" என்பார். "பாட்டு எனக்குத் தெரியும்ப்பா. பிரஸ்ஸிங் எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்பார் ஊசியார். பாட்டைப் பற்றி அவர் பேசிக் கேட்பது அபூர்வம்.

வீட்டில் சமையல் மேடைக்குப் போட்டது போக மிஞ்சிய கடப்பாக் கல் இப்போது டர்ன்டேபிளுக்கு அடியில் இருக்கிறது. கல்லுக்கு அடியில் பாதியாக அறுத்த ரப்பர் பந்துகள் நாலு. எல்லாவற்றுக்கும் மேலே கொத்தனாரிடம் வாங்கிய ரசமட்டம். காலையில் எழுந்ததும் பலர் செல்போனைப் பார்ப்பார்கள். இவர் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். ஸ்பீக்கர்கள் மட்டும் கல்யாணமான புதிதில் வாங்கியவை; ஒன்றின் முன்துணி கிழிந்து சேப்டி பின்னில் தொங்குகிறது. இத்தனை செலவில் ஒரு பங்கை அந்த ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்திருந்தால் வித்தியாசம் மாடி வீட்டுக்கே தெரிந்திருக்கும். சொல்லிப் பார்த்தேன். "ஸ்பீக்கர் கடைசி சார். முதல்ல மூலம் சுத்தமாகணும்" என்றார். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுக்கவாவது செய்யலாம். அங்கே தையல் மிஷின் இருக்கிறது. அது வீட்டம்மாவின் எல்லை.

இந்த நிலையில் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு தூரத்து உறவினர் வந்து மாட்டினார். நானும் இருந்தேன். ஹாலில் எத்தனை நாற்காலி இருந்தாலும் பாட்டு கேட்கத் தகுந்த நாற்காலி ஒன்றுதான். அதன் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸ் அடையாளம் உண்டு. உறவினரை அதில் உட்கார வைத்தார். "சாஞ்சுக்காதீங்க. காது இந்த உயரத்துல இருக்கணும்." ஃபேனை அணைத்தார். சித்திரை மாதம். 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு ஜானகி போட்டி போட்டுப் பாடுகிற பாட்டு. ஊசி இறங்கியது. உறவினர் முகத்தில் வேர்வை வழிய, தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்து விசிறிக்கொள்ளலாமா என்று யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அவர் தலையாட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் ஊசியார் டோன்ஆர்மைத் தூக்கிவிட்டார்.

"கேட்டீங்களா?"

"ஆமா, ஜானகி குரல்..."

"குரலை விடுங்க. அந்த இடத்துல காத்து கேட்டுதா? சீவாளிக்குள்ள போற காத்து?"

"கேட்டுது" என்றார் உறவினர். இம்மாதிரி வீடுகளில் அதுதான் வெளியே போகும் வழி. "ஸ்டேஜ் நல்லா அகலமா இருக்குல்ல? இந்தப் பக்கம் நாகஸ்வரம், அந்தப் பக்கம் குரல்?" என்று கேட்டதற்கும், "நல்ல அகலம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

படம் வந்தது 1962இல். பாட்டு மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும். நாகஸ்வரமும் குரலும் நடுவில் ஒரே இடத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று சொல்லப்படும் 'பிரியா' வந்ததே 1978இல். ஊசியாரின் கொலுப்படியில் இருப்பவற்றில் முக்கால்வாசி அதற்கு முந்தியவை. அவருக்கா இது தெரியாது? நன்றாகத் தெரியும். ஆனாலும் அவருக்கு இடமும் வலமும் தனித்தனியாகக் கேட்டது. ஐம்பதைத் தாண்டிய காதில் பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் ஏறாது. இருபதாயிரத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று கவலைப்படுகிறவரிடம் காதைப் பற்றி விவாதிக்க நான் துணியவில்லை.

துணிந்தது ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி. ஸ்டூலைப் போட இடம் வேண்டி ஸ்பீக்கரை நகர்த்தியவர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "சார், இந்தப் பொட்டில மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கே?"

ஒரு ஸ்பீக்கரில் ஒயர் மாறினால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மோனோ பாட்டுகூட நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவி அலையும். அலைந்ததைத்தான் ஊசியார் அகலம் என்று விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ப்ரீஆம்புக்கும் கடப்பாக் கல்லுக்கும் முந்திய காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. தையல் மிஷினுக்காக ஸ்பீக்கரை நகர்த்தி மாட்டிய நாளாக இருக்கலாம் என்று வீட்டம்மா சொன்னார். தம்பி பல்லால் ஒயர் முனையைச் சீவி, இரண்டையும் மாற்றி முறுக்கிவிட்டு ஸ்டூலில் ஏறிவிட்டார். ஃபேனுக்கு முந்நூறு ரூபாய் கேட்டார். ஒயருக்குத் தனியாக எவ்வளவு என்று ஊசியார் கேட்டதற்கு, "அதுக்கென்ன சார்" என்று சிரித்தார். ஊசியாருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆனாலும் அதே ரெக்கார்டை எடுத்துப் போட்டார். தவில் முதல் தடவையாக வயிற்றில் இடித்தது. நாகஸ்வரமும் குரலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, தையல் மிஷின் மேலே வந்து நின்றன. ஊசியார் சாக்பீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவர் அசையவில்லை. டோன்ஆர்மைத் தூக்க மறந்துவிட்டார். பாட்டு முதல் சரணத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்தார். "ஏங்க, இந்தப் பாட்டுக்கு இதுக்கு மேலயும் இருக்கா?"

"இரு இரு" என்று ஊசியார் பாய்ந்து டோன்ஆர்மைத் தூக்கினார். "அந்தத் தவிலை இன்னொரு தடவை கேட்டுக்கறேன்."