எழுதாத இரண்டாம் பாகம்

ஆவடியில் ரயிலேறிய கல்கி ரசிகர் அம்பத்தூரில் இறங்குவதற்குள் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை வழக்குக்குத் தீர்ப்பே எழுதிவிடுகிறார். 1954-இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது கல்கி கொலைகாரனை நேராகக் கைகாட்டவில்லை; மிச்சத்தை வேறு எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று முடிவுரையில் ஒதுங்கிக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே காலமானார். ரசிகர் விடுவாரா? இரண்டாம் பாகத்துக்கு ரகசியத் திட்டம் இருந்தே தீர வேண்டும் அவருக்கு. 'அமரதாரா' நாவலை அப்பாவின் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடிக்கவில்லையா என்பார். கேள்வி நியாயந்தான். ஆனால் அது பாதியில் நின்ற கதை. இதற்கோ ஆசிரியரே 'முற்றும்' போட்டுவிட்டார்.

ஊகிப்பதும் ஒரு ரசனைதானே என்பீர்கள். இருக்கட்டும், விடை கிடைத்தால் ஆவல் தணிய வேண்டுமல்லவா? சோழர் காலத்து உடையார்குடி கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலான துரோகிகளின் பெயர்களையும், உறவினர் உட்பட அவர்கள் சொத்து பறிபோனதையும் பத்திரப்பதிவு மாதிரி பொறித்து வைத்திருக்கிறது. யாருக்கும் திருப்தியில்லை. தொடர்ச்சிதான் வேண்டுமென்றால் எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதியே வைத்திருக்கிறார். அதைக் கேட்டு நூலக வாசலில் வரிசை நிற்கக் காணோம். எழுதிய புத்தகம் என்றால் படித்துத் தொலைக்க வேண்டுமே!