விடாது அண்ணன்

தோல் மணக்கிற எந்த ஊருக்குப் போனாலும், ஆம்பூரோ வாணியம்பாடியோ பேரணாம்பட்டோ ராணிப்பேட்டையோ, அங்கே இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மீசைக்கு டை அடித்திருப்பார், தலைக்கு அடிக்க நேரம் கிடைத்திருக்காது. டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ பொறுப்பான வேலை. வட்டிக்கு விடுவதில்லை, வம்புக்குப் போவதில்லை. குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையில், ‘விடாது கருப்பு’ கதையின் ஒரு எபிசோடைச் சின்ன வயதில் பார்த்துவிட்டார். பார்த்தவர் அத்தோடு விட்டிருக்கலாம். கருப்பு விட்டாலும் இவர் விடுவதாக இல்லை. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு விடாது அண்ணன் என்று பெயர்.

அண்ணனிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது அந்த எபிசோடில்தான் போய் நிற்கும். மழை என்றால் “மழைன்னதும் ஞாபகம் வருதுபா” என்பார். கரண்ட் போனால் “அப்பல்லாம் கரண்ட் போனா இன்னா ஆவும் தெரியுமா?” என்பார். பிரியாணிக் கடையில் கத்திரிக்காய் தீர்ந்துவிட்டது என்றால்கூடப் போதும், எப்படியோ இரண்டே வாக்கியத்தில் குதிரை வந்துவிடும். ஒரு சாவு வீட்டில், மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர், துக்கத்தில் இருந்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா ரொம்ப நல்ல மனுசன். ஒங்க வீட்டு டிவியிலதான் நான் அந்த எபிசோடு பார்த்தேன்” என்று ஆரம்பித்திருக்கிறார். பாடை கிளம்பும்வரை நடந்தது. மகன் அழவே இல்லை, அவனுக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

அவர் சொல்வதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

“இருட்டு. தோட்டக்காரமங்கலம். ஊரே தூங்குது. பனை ஓலை மட்டும் சரசரன்னு. மியூசிக் இல்ல. தெர்தா? மியூசிக்கே இல்ல. அப்டியே தூரத்துல...”

இந்த இடத்தில் வலது கை விரல் முட்டிகளால் டீக்கடை பெஞ்சைத் தட்டுவார். டக். டக். டக். முதலில் மெதுவாக, பிறகு கிட்டத்தில், பிறகு நம் முழங்கால் பக்கத்தில். மாஸ்டருக்கு இது பழக்கம். “இருட்டு” என்றதுமே பெஞ்சிலிருக்கும் கிளாஸ்களை எடுத்துக் கல் மேல் வைத்துவிடுவார். குதிரை நெருங்கும். நிலா வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு அசைவு. கோயில் திண்ணையில் ஒரு கிழவி, முதுகு மட்டும் தெரிகிறது. மெதுவாகத் திரும்புகிறாள். திரும்புகிறாள். திரும்...

“தொடரும்னு போட்டுட்டான்பா!”

பெஞ்சில் ஓங்கி ஒரு அடி. பிறகு குரலை இறக்கி, “ஒரு வாரம் நான் சோறு துன்னல” என்பார். அவருடைய அம்மாவிடம் இதைச் சொன்னால், “யாரு, இவனா?” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அண்ணனுக்கு உத்தியோகம் அசார்ட்டிங் டேபிளில். பதப்படுத்தி வந்த ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவித் தரம் பிரிக்கிற வேலை. ஆடு உயிரோடு இருந்தபோது வேலிமுள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, தோலுரித்தவன் கத்தி நழுவிய இடம், எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், டி.ஆர்., ரிஜெக்‌ஷன் என்று வாய் சொல்லச் சொல்ல அடுக்குகள் உயரும். வேலை முடிந்தாலும் கை நிற்பதில்லை. டிவியையும் அப்படியே தரம் பிரிக்கிறார். ‘சித்தி’ நல்ல சரக்கு, நீளம்தான் ஜாஸ்தி. ‘மெட்டி ஒலி’ செகண்ட், ஆனால் ஓரமெல்லாம் கண்ணீர்க் கறை. இப்போது வருகிறவை? “ரிஜெக்‌ஷன்பா. கிளவுஸ் தைக்கக்கூட ஆவாது.” ‘விடாது கருப்பு’ மட்டும் ஃபர்ஸ்ட். அதிலும் அந்த ஒரு எபிசோடு, எக்ஸ்போர்ட் பார்ட்டிக்குக்கூடக் காட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியது.

தகவல்களில் அண்ணன் கெட்டி. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது, நாகா இயக்கியது, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விட்டு விடு கருப்பா’ நாவல்தான் மூலம், எல்லாம் மனப்பாடம். அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜத்திலும் கணவன் மனைவி ஆனதை, தானே ஜாதகம் பார்த்து முடித்து வைத்த தொனியில் சொல்வார். அந்த எபிசோடு விஷயத்தில்தான் தகவல் கொஞ்சம் தள்ளாடும். திங்கட்கிழமை கிழவி திரும்புவாள். வியாழக்கிழமை அதே திண்ணையில் ஒரு பெண் ஓலைச்சுவடியோடு உட்கார்ந்திருப்பாள். சம்பளம் வந்த நாளில் பின்னணியில் நவபாஷாண லிங்கம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் கணக்குப் பார்த்தால், லிங்கம் ‘ரகசியம்’ கதையிலிருந்து வந்தது. ஓலைச்சுவடி ‘சிதம்பர ரகசியம்’ தந்தது. அது வந்தது 2004இல், அப்போது அண்ணன் மீசை முளைத்து வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். மூன்றும் அதே எழுத்தாளர், அதே இயக்குநர். ஒரே குடும்பத்துச் சொத்துதான், பாகம் பிரிக்காமல் அண்ணன் மொத்தமாக அனுபவிக்கிறார்.

இதற்காக அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்தத் தொடர் அன்று என்ன செய்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊரில் தப்பு செய்தவன் ஒவ்வொருவனாகச் சாகிறான். கருப்பு கொன்றது என்று ஊர் சொல்கிறது. படித்தவர்கள் வந்து இல்லை என்கிறார்கள். கடைசியில் மனசு பிளந்து இரண்டு ஆளாக நடமாடுகிற நோய் என்று மருத்துவத்தைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்தார்கள். ஆனால் சாமியையும் வெளியே தள்ளிவிடவில்லை. நம்புகிறவன் நம்பிக்கையோடு எழுந்து போனான், நம்பாதவனும் ஜெயித்த திருப்தியோடு போனான். தமிழ் டிவியில் இரண்டு கட்சியையும் ஒரே பாயில் உட்கார வைத்த கதை அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து இல்லை. அண்ணனுக்கு அந்த டாக்டர் விளக்கம் மட்டும் பிடிக்காது. “அவ்ளோ நேரம் நல்லாத்தான் போச்சு, கடைசியில சயின்ஸ் பீரியடு ஆக்கிட்டானுங்க” என்பார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கருப்பசாமி தெற்கத்திச் சாமி. வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்குக் காவல் என்றால் முனீஸ்வரன். கோபம் என்றால் வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் சிரசு ஊர்வலம் வருகிற கெங்கையம்மன். மதுரைப் பக்கத்துச் சாமி இவ்வளவு தூரம் வந்து ஆம்பூர்ப் பையனை ஏன் மிரட்ட வேண்டும்? அண்ணன் தெருவில் இதைப் பெரிய விவாதமாகப் பேசியிருக்கிறார்கள். ஆயா ஒருத்திதான் தீர்ப்பு சொன்னாளாம்: “கருப்பு நம்ம முனிக்குப் பங்காளிடா.” அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை, சொந்தக்காரன் வீட்டுக்கு வருவதை எப்படித் தடுப்பது? தெருவின் உருது வீட்டுப் பையன்களும் அதே டிவி முன்னால்தான் உட்கார்ந்தார்கள். தங்களுக்கு இதிலெல்லாம் பயம் கிடையாது என்று சொல்லிக்கொண்டே, திரும்பும்போது மட்டும் கூட்டத்துக்கு நடுவில் நடந்தார்கள்.

திரும்பி நடந்த அந்தத் தூரம்தான் முக்கியம் என்பது என் கட்சி. டிவி இருந்தது ஒரு மேஸ்திரி வீட்டில். மரக்கதவு போட்ட பழைய சாலிடேர். பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போக ஒரு டேனரியின் நீளமான மதில் ஓரமாக நடக்க வேண்டும். தெருவிளக்கு கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குழி, முடியோடு குவிந்து கிடக்கிற ஈரத்தோல், அந்த வாசனை. இரவு ஷிப்டில் பெரிய மரட்ரம் சுற்றும். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற அந்த ட்ரம்முக்குள் ஈரத்தோல் மேலே போய், கீழே விழும். டப். சுற்று. டப். சுற்று. டப். டிவியில் தொடரும் போட்ட பிறகும் ஆம்பூரில் குளம்படி நின்றதில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு எபிசோடு அரை மணியில் முடிந்துவிட்டது. தோல் ஊர்ப் பிள்ளைக்கு அது வீட்டுக் கதவைத் தாழ் போடும்வரை ஓடியது. கதைக்குப் பின்னணி இசை யார் என்று அண்ணன் தேடிக்கொண்டே இருக்கிறார். அது ட்ரம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

அந்தக் காலத்தில் டேனரி முதலாளிகளுக்கு வேறொரு கருப்பு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாலாற்றிலும் கிணற்றிலும் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. டேனரி ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதது ஓடக்கூடாது. குதிரை இல்லை, அரிவாள் இல்லை, நீதிபதி குல்தீப் சிங் டெல்லியில் உட்கார்ந்தே துரத்தினார். சில ட்ரம்கள் நின்றன. “நடுவுல கொஞ்ச நாள் பயமே இல்லாம இருந்துச்சுபா, ஏன்னு தெர்ல” என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, பெஞ்சில் எனக்கும் கிளாஸ் இருந்தது.

இப்போதைய தொல்லை யூடியூப். கட்டிங் செக்‌ஷன் பையன்கள் மொத்தத் தொடரும் போனில் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, “அண்ணா, அந்தக் கிழவி எந்த எபிசோடு? நம்பர் சொல்லுங்க, போட்டுடலாம்” என்கிறார்கள். அண்ணன் மோர் குடிப்பார். நம்பர் ஞாபகமில்லை என்பார். வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று பையன்கள் உட்கார்ந்தார்கள், வேகத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தார்கள். கிழவி வரவில்லை. அண்ணனிடம் அதற்கும் பதில் தயார்.

“அன்னிக்கு டிவியில வந்தது வேற, இப்ப இருக்கறது வேற. எடிட் பண்ணிட்டானுங்க.”

யார் எடிட் செய்தது, எதற்காக? “பார்த்தவங்களுக்கு நெஞ்சு அடைச்சுடுச்சாம்பா. புகார் போயிருக்கு.” எங்கே போயிற்று என்று கேட்டால் கேண்டீன் மணி அடித்துவிடும். அவராக ஒருநாளும் போனில் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டார். மேஜையில் விரித்தால் எதிலும் ஒரு முள் கோடு தெரியும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பையன்களில் ஒருவன் மட்டும் ராத்திரி ரூமில் தனியாகப் பார்த்துவிட்டு மறுநாள் கண் சிவந்து வந்தான். அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். “பயந்தியா? எங்க பயந்த? குதிரையிலயா?” என்று தோளைப் பிடித்து உலுக்கினார். “நடுவுல லோன் ஆப் விளம்பரம் வந்துச்சுண்ணா. நான் ட்யூ கட்டல” என்றான் அவன்.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானபோது அண்ணன் அரை நாள் லீவு போட்டார். மேனேஜர், “யாரு, சொந்தமா?” என்று கேட்டாராம். கொஞ்சம் யோசித்து, “பங்காளி முறை” என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று டீக்கடையில் பெஞ்சைத் தட்டவே இல்லை. மாஸ்டர் பழக்க தோஷத்தில் கிளாஸ்களைக் கல் மேல் எடுத்து வைத்துவிட்டு, கடைசிவரை காத்திருந்தார்.

இவ்வளவு காலம் போட்டியில்லாமல் இருந்தவருக்கு இப்போது ஒரு எதிரி கிடைத்திருக்கிறார். வேலூரிலிருந்து வாராவாரம் சரக்கு பார்க்க வருகிற தோல் மண்டி பாய் ஒருவர், அறுபதை நெருங்குபவர். அண்ணன் குதிரையை ஓட்டி முடித்ததும் பாய் நிதானமாக டீயை உறிஞ்சிவிட்டு, “இதெல்லாம் ஒரு பயமா தம்பி?” என்றார். அவருடையது 1989இல் தூர்தர்ஷனில் வந்த ‘கிலே கா ரஹஸ்யா’. இந்தித் தொடர். தெருவில் மற்ற யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது, பாய் வீட்டில் பேசுவது உருது என்பதால் அவர்தான் அத்தனை பேருக்கும் மொழிபெயர்ப்பு. திரையில் ஒருவன் “யார் அது?” என்று கேட்டால், பாய் தெருவுக்கு அதை அரைப்பக்கம் விரித்துச் சொல்லியிருக்கிறார். கோட்டை, இருட்டு, உள்ளே போனவன் திரும்புவதில்லை. எந்தக் கோட்டை என்று கேட்டால் பாய்க்குச் சந்தேகமே இல்லை.

“நம்ம வேலூர்க் கோட்டைதான். அகழி தெரிஞ்சுது. விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போவுதுன்னு சொல்வாங்க இல்ல, அந்த வாசல்ல வெச்சு எடுத்தான். நானே பாத்தேன்.”

அண்ணனால் பொறுக்க முடியவில்லை. தகவல் பிழையை அவர் சகிப்பதில்லை. “பாய், அது வடக்க எடுத்தது. நம்ம ஊர்ல எவனும் வந்து எடுக்கல. அகழியும் இல்ல ஒண்ணும் இல்ல. சந்தேகம்னா யூடியூப்ல போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடப் போவுது” என்று தன் போனையே எடுத்து நீட்டினார்.

பாய் போனைப் பார்க்கக்கூட இல்லை. கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

“அதுல இருக்கறது வேற தம்பி. எடிட் பண்ணிட்டானுங்க.”