ஒன் காருக்கு நானூத்தி இருபது

ஏப்பா பேராண்டி, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி. மூக்கு மட்டுந்தான் தெரியுது. ஆங், இப்பச் சரி. கலிபோர்னியாவுல ஒன் காரு பொகைப் பரீட்சையில பெயிலாயிருச்சுன்னு ஒங்க அப்பத்தா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து சொன்னா. நீ கணக்குல முப்பத்தஞ்சு வாங்குன அன்னைக்குக்கூட அவ இப்படி ஒக்காரல.

கேசு நம்பர் என்னன்னா பி0420-ங்கிற. அட கூறுகெட்டவனே, அது ஏமாத்துக்காரனுக்குப் போடுற நம்பருல்ல! வெள்ளைக்காரன் 1860-ல எழுதி வச்ச செக்‌ஷன். இப்ப 2024 ஜூலை 1-லருந்து அதை எடுத்துட்டு 318-ன்னு மாத்திப்புட்டாக. ஆனா நம்ம சேத்தூர் பஜார்ல இன்னைக்கு வரைக்கும் யாரும் யாரையும் முந்நூத்திப் பதினெட்டுன்னு திட்டி நான் கேட்டதில்லை. வாய்க்குப் பழக வேணாமா?

நீ அனுப்புன சீட்டை எதுத்த வீட்டுப் பிள்ளைதான் படிச்சு வெவரம் சொல்லுச்சு. ஆட்டோமொபைல் படிக்கிற பிள்ளை. ஒன்னைய மாதிரி கம்ப்யூட்டர் படிச்சுட்டு டயரு மாத்த ஆள் தேடுற சாதி இல்லை. சைலன்சருக்கு முன்னால தேனடை மாதிரி ஒண்ணு இருக்காம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு வெலை ஒசந்த சாமானை அதுல பூசி வச்சிருக்காக. அதுக்காகத்தான் ஒங்க ஊர்த் திருடன் ராத்திரி காருக்கு அடியில படுத்து அறுத்துட்டுப் போறானாமே. வெசப் பொகை அதுக்குள்ள நொழைஞ்சு வெளிய வாரப்போ பெரும்பாலும் சாதுவாயிரும்.

அந்தத் தேனடைக்கு முன்னால ஒரு காவக்காரன், பின்னால ஒரு காவக்காரன். ரெண்டு ஆக்சிஜன் சென்சார். முன்னால நிக்கிறவன் அப்பப்போ ஆடுவான், அது அவன் சுபாவம். பின்னால நிக்கிறவன் ஆடாம அசையாம நிக்கணும். அவனும் சேந்து கரகாட்டம் ஆடுனா நடுவுல இருக்குறது வேலை பாக்கலைன்னு அர்த்தம். காருக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒருக்காப் பாத்துட்டுச் சும்மா இருக்கும். மறுக்காவும் ஆட்டம் நடந்தா 420-ன்னு எழுதி வச்சு, மஞ்ச வெளக்கைப் பொருத்திரும்.

வெளக்கு எரிஞ்சா மனுசன் என்ன ஏதுன்னு பாப்பான். நீ வெளக்கை அணைச்சிருக்க. எவனோ ஒரு கூட்டாளிகிட்ட உள்ளங்கை அளவு கருவியை வாங்கி, பரீட்சை நடத்துற எடத்து வாசல்லயே வச்சு அழிச்சிருக்க. அழிச்ச கையோட உள்ள ஓட்டிட்டுப் போயிருக்க. அடேயப்பா, என்னா தந்திரம்!

ஜமீன் ஊருல பெறந்தவன் செய்யுற வேலையா இது? நாளைக்குக் கணக்குப் பாக்க ஆளு வாராகன்னு, முந்தின ராத்திரி ஏட்டைக் கொளுத்திட்டு ஒரு கணக்கப்பிள்ளை வெறுங்கையோட நின்னா, யோக்கியன்னு சொல்லுவாகளா? நீ அழிச்சது 420-ஐ மட்டுமில்லப்பா. இஞ்சின் தன்னைத்தானே சோதிச்சு எழுதி வச்ச மார்க்கையும் சேத்து அழிச்சுட்ட. அவுக பாத்தது வெத்துச் சிலேட்டு. இப்பத்தான் தொடைச்சிருக்கான்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு.

அங்கிட்டு 2015 மார்ச்லருந்து, 2000-மாவது மாடல்லருந்து வந்த பெட்ரோல் காருக்குக் குழாயில கம்பியை விட்டு அளக்குறதில்லையாம். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு ஓட்டையில ஒயரைச் சொருகி, பெட்டிகிட்டயே கேட்டுக்கிறாக. அதுக்கு மேல, 2019 ஜூலை 1-லருந்து இன்னொரு ஏடும் பாக்குறாக. ஒன் கூட்டாளி கருவி அழிக்கிறது சிலேட்டு. இது கல்வெட்டு. பேட்டரியைக் கழட்டுனாலும் அழியாது. கோளாறு போச்சுன்னு காரு தானா ஓடிப் பாத்துத் தானா அழிச்சாத்தான் உண்டு.

நம்ம ஊரு பரவாயில்லை. இங்க குழாயில ஒரு கம்பியை விட்டு, வாரது எம்புட்டுன்னு பாத்துச் சீட்டுக் குடுப்பாக. வெளக்கு எரியுதா, அணைஞ்சிருக்கான்னு கேக்க மாட்டாக.

நான் மட்டும் என்ன யோக்கியமா? ராஜபாளையம் மில்லு நூலை ஏத்திக்கிட்டு முப்பது வருசம் தூத்துக்குடிக்கு லாரி ஓட்டுனவன். பொகைச் சீட்டுக்குப் போறதுக்கு முந்தி டீசல் பம்ப்பைக் கொஞ்சம் குறைச்சுத் திருகி வச்சுருவோம். வண்டி மேட்டுல இழுக்காது, ஆனா பொகை ஊதுவத்தி மாதிரி வரும். சீட்டை வாங்கி டேஷ்போர்டுல சொருகுனதும் திரும்ப ஒரு திருகு. அப்புறம் சேத்தூர்லருந்து பாத்தா மேக்க மலை இருக்கான்னே சந்தேகம் வரும், அம்புட்டுப் பொகை.

இதையேதான் வோக்ஸ்வேகன்காரனும் செஞ்சான்னு கேட்டப்போ எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வெக்கம். நான் ஸ்குரூடிரைவர்ல செஞ்சதை அவன் சாப்ட்வேர்ல செஞ்சிருக்கான். பரீட்சைன்னு தெரிஞ்சா காரு அடங்கி நிக்கும், ரோட்டுக்கு வந்தா அவுத்து விட்ட காளை. ஒலகம் பூரா ஒரு கோடியே பத்து லட்சம் கார்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆளுக டிக்கியில மிசினைக் கட்டிக்கிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ்லருந்து சியாட்டில் வரைக்கும் ரோட்டுலயே ஓட்டிப் பாத்தாக. ஒரு கார்ல வரம்பைப் போல முப்பத்தஞ்சு மடங்கு வரைக்கும் நைட்ரஜன் ஆக்சைடு. 2015 செப்டம்பர்ல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பிடிச்ச கூட்டத்துல அரவிந்த் திருவேங்கடம்னு ஒருத்தரு. பேரைக் கேட்டதும் நிமுந்து ஒக்காந்தேன். நமக்குக் கிழக்க திருவேங்கடம்னு ஊரே இருக்குல்ல. நம்ம பக்கத்து ஆளோ என்னவோ, எனக்கு அப்படி நெனைச்சுக்கிறதுல ஒரு சொகம்.

சரி, தாத்தா யோசனை சொல்லுறேன், எழுதிக்க. மஞ்ச வெளக்கு மேல கருப்பு டேப்பை ஒட்டிரு. என்ன, சாவியைத் திருப்புனதும் அந்த வெளக்கு ஒருக்கா எரியுதான்னு பாப்பாக. எரியலைன்னா அதுக்கும் பெயிலு. பேட்டரியைக் கழட்டிப் பாரு. கடிகாரம் மறந்துரும், ரேடியோ மறந்துரும், கல்வெட்டு மறக்காது. இல்லையா, ஒடனே தேனடையைப் புதுசா வாங்கிப் போடு. ஒங்க ஊர்ல அரசு ஒப்புதல் நம்பர் அடிச்சதுதான் போடணுமாம், வெலையைக் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணாத. அதுவும், இஞ்சின் ஒழுங்கா எரியாம அடைச்சுக்கிட்டோ, சைலன்சர் மூட்டுல ஓட்டை விழுந்தோ 420 வந்திருந்தா? கூரை ஒழுகுதுன்னு பாயை மாத்துன கதைதான். புதுப் பாயும் நனையும்.

அதனால முதல்ல ஒரு நல்ல மெக்கானிக்கைப் பாரு, வெளக்கை அணைக்கிறவனை இல்லை, வெளக்கு ஏன் எரியுதுன்னு கேக்குறவனை. கோளாறு போனப்புறம் ஓட்டு. ஆறுன இஞ்சினை வெள்ளனே எடுத்து நல்லாச் சூடேறுற வரைக்கும் ஓட்டி, திரும்ப ஆற விடு. இப்படிப் பதினஞ்சு தடவை. மொத்தம் எரநூறு மைலு, நம்ம கணக்குல முந்நூத்தி இருபது கிலோமீட்டர். சேத்தூர்லருந்து மதுரைக்கு ரெண்டு நடை போய்ட்டு வாரதுக்குக் கொஞ்சம் கம்மி. சிலேட்டுலயும் மார்க்கு ஏறி, வெளக்கும் எரியாம இருந்தா, அந்த எரநூறு மைலுக்கப்புறம் கல்வெட்டுல பழைய எழுத்து மிச்சமிருந்தாலும் கண்டுக்க மாட்டாகளாம். வீட்டுக்கும் ஆபீசுக்கும் நாலு மைலுதாங்கிற. அப்ப ஞாயித்துக்கெழமை பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்கிட்டாவது போய்ட்டு வா. காருக்கும் சரியாப் போகும், அவளுக்கும் சரியாப் போகும்.

என்னது? என் எக்செல் மொபெட்டுக்குப் பொகைச் சீட்டு இருக்கான்னா கேக்குற? சீட்டு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. முந்தி ஆயிரம் இருந்த அபராதத்தை 2019-ல பத்தாயிரம் வரைக்கும் ஏத்திவிட்டாகன்னு தெரியும். அதான் பஜார்ப் பக்கம் போறதில்லை, கண்மாய்க்கரை மேலதான் போறேன். சிரிக்காத. இந்தா, ஒங்க அப்பத்தா போனைக் கேக்குறா. ஏய், எக்செல் விசயத்தை மட்டும் அவகிட்டச் சொல்லிறாத.