பெயரைக் கிழித்தவருக்குப் பெரிய பெயர்

கிளப் டீஜேக்களின் ரசனையைக் குறை சொல்கிறவர் நாக்கு அழுகிப் போகட்டும். வேறு எந்தத் தொழிலிலும் இப்படியொரு ரசனையைப் பார்க்க முடியாது. ஒரு பாட்டு அபாரமாக இருக்கிறது என்று கண்டுகொண்டதும் அவர்கள் செய்த முதல் காரியம், பாடியவர் பெயரின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியதுதான்.

கட்டுக்கதை அல்ல. 1970களில் இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூச்சை விட்டுக்கொண்டிருந்த ஊர்களில், சனிக்கிழமை இரவென்றால் விடிய விடிய ஆட்டம். ஆடியது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கு. அதுவும் ஏழெட்டு வருடத்துக்கு முன் அமெரிக்காவிலேயே விற்காமல் கிடங்குக்குப் போன தட்டுகளுக்கு. டேவ் காடின் என்ற எழுத்தாளர் அதற்கு நார்தர்ன் சோல் என்று பெயர் வைத்தார். 1973 செப்டம்பரில் தொடங்கிய விகன் கேசினோவின் இராக்கூத்துதான் அதன் தலைமைக் கோயில். நடுநிசி தாண்டி 2 மணிக்குத் தொடங்கி காலை 8 மணி வரை நடக்கும். சாராயம் கிடையாது, மாத்திரைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம். கோயில் இருந்தால் பூசாரி வேண்டும், பூசாரி இருந்தால் ஊருக்குத் தெரியாத மந்திரம் வேண்டும். இன்னொருவனிடம் இல்லாத தட்டுதான் அந்த மந்திரம்.

சிக்கல் என்னவென்றால், தட்டின் நடுவிலிருக்கும் லேபிளில் பாடகர், பாட்டு, கம்பெனி, வரிசை எண் எல்லாம் அச்சாகித் தொலைத்திருக்கும். எட்டிப் பார்க்கும் போட்டி டீஜே அதைப் படித்துவிட்டால், அமெரிக்காவில் எங்காவது ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து அவனும் போட ஆரம்பித்துவிடுவான். எனவே லேபிளை மூடு. பாட்டுக்கு ஒரு பொய்ப் பெயர், பாடியவருக்கு ஒரு பொய்ப் பெயர். இதற்குத் தொழில்மொழியில் கவர் அப் என்று பெயர். வடக்கு இங்கிலாந்து இதைச் சொந்தமாகக் கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. 1950களிலேயே ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் முதலாளிகள் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் தட்டைச் சுழற்றினார்கள். வில்லிஸ் ஜாக்சன் என்ற சாக்ஸஃபோன்காரரின் தட்டுக்கு காக்ஸன் டாட் வைத்த பெயர் 'காக்ஸன் ஹாப்'. ஊதியவர் ஒருவர், தலைப்பில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர்.

இந்த ஒட்டு வேலையின் உச்சம் ஃபிராங்க் வில்சன். 1965இல் மோட்டவுன் கம்பெனிக்காக 'டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)' என்ற பாட்டை எழுதிப் பாடினார். மாதிரித் தட்டுகள் அச்சாயின, வெளியீடு நின்றுபோனது, அச்சானவற்றில் ஏறக்குறைய எல்லாம் அழிக்கப்பட்டன. விரல்விட்டு எண்ணுமளவுக்கு மிஞ்சியதில் ஒன்று 1970களின் பிற்பாதியில் அட்லாண்டிக்கைத் தாண்டி விகனுக்கு வந்தது. தரை அதிர்ந்தது. யார் பாடியது? எடி ஃபாஸ்டர் என்றார்கள். இந்த எடி ஃபாஸ்டர் கற்பனை ஆளும் அல்ல, வேறு தட்டுகளைப் பாடிய இன்னொரு நிஜப் பாடகர். ஒருவர் தொண்டையை எடுத்து இன்னொருவர் கழுத்தில் பொருத்திவிட்டு, அதற்கும் கைதட்டு வாங்கினார்கள்.

ஃபிராங்க் வில்சன் என்ன, தலைமறைவாகவா இருந்தார்? மோட்டவுனின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். விகனில் ஆட்டம் தொடங்கிய அதே 1973இல், அவர் கூட்டாகத் தயாரித்த எடி கென்ட்ரிக்ஸின் 'கீப் ஆன் டிரக்கின்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஆனால் உயிரோடு ஒரு மனிதன் வந்து நின்றால் மர்மம் போய்விடும். மர்மம் போனால் விலை போய்விடும். 2009இல் அந்தத் தட்டின் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. வில்சன் 2012இல் இறந்தார். 2020இல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்குக் கைமாறியது. செத்தால்தானே யானை பொன்!

இனி கேட்பீர்கள்: இவ்வளவு வெறி பிடித்துத் தேடியவர்கள் கண்ணில் எத்தனையோ மகத்தான சோல் தட்டுகள் முப்பது நாற்பது வருடம் படாமல் போனது எப்படி? படாமல் எங்கே போனது, நன்றாகவே பட்டது. விலைதான் குறைவாக இருந்தது. எல்லா வீட்டிலும் கிடைக்கும் தட்டைப் போடுவதற்கு டீஜே எதற்கு? அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி, ஆர் அண்ட் பி பட்டியலில் மேலே ஏற்றிய பாட்டு என்றால் இங்கே அதற்குத் தீட்டு. பாடியவரின் சொந்த மக்களுக்கே பிடித்திருக்கிறதே, அதில் என்ன சிறப்பு? மறுபதிப்பு வந்துவிட்ட பாட்டைப் போட்டால் பாவம். எல்பியில் மட்டும் இருக்கும் பாட்டைச் சீண்டவே மாட்டார்கள். அது 45 சுழற்சிச் சிறு தட்டாக வராதது பாடகியின் குலக் குற்றம். அசல் தட்டு மட்டுமே போடப்படும் என்று நோட்டீசில் அச்சடித்துப் பெருமைப்படுகிறார்கள். டீஜேயின் தட்டுப் பெட்டிக்குள் இருப்பது இசை என்று யாராவது நம்பினால் அது அவர்கள் பிழை. உள்ளே இருப்பது பத்திரம், பட்டா, சொத்து வில்லங்கச் சான்றிதழ்.

இந்தக் கறாரான பூசாரிகள் சோலுக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்றால் அதுவும் இல்லை. வேகம் சரியாக இருந்தால் போதும். எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். 'ஜோ 90' என்ற பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசை விகன் கேசினோவில் ஓடியது. அதற்கு ஆடினார்கள். டோரிஸ் டியூக் என்ற சோல் பாடகிக்கு இடமில்லை, பொம்மைக்கு இருந்தது.

டோரிஸ் டியூக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'ஐ'ம் எ லூசர்' என்று ஒரு எல்பி. ஸ்வாம்ப் டாக் என்ற கிறுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ஜெர்ரி வில்லியம்ஸ் தயாரித்தது. இன்னொருத்தியின் கணவனைக் காதலித்தவள், வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்த் தெருவில் விழுந்தவள், இப்படிப்பட்ட பெண்களின் வாயிலிருந்து வரும் பாட்டுகள். அழுது புலம்பமாட்டார், கணக்குப் பார்ப்பது போலப் பாடுவார், கணக்கு உதைக்கும் இடத்தில் குரல் உடையும். அதிலிருந்து வந்த 'டு தி அதர் வுமன்' 1970இல் ஆர் அண்ட் பி பட்டியலில் 7ஆம் இடம் வரை போனது. பிறகு வெளியிட்ட கேன்யன் கம்பெனியே திவாலாகிவிட்டது. ஆள் வைத்துத் தேடிப் புதையல் எடுக்கத் தோதான கதைதான். ஆனால் பாட்டு மெதுவாகப் போகிறது. காலை உதைத்துச் சுழன்று, பின்பக்கமாக விழுந்து எழும் ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. பெண் தன் வாழ்க்கை நாசமானதைச் சொல்லும்போது கொஞ்சம் வேகமாகச் சொல்லியிருக்கலாம். டீஜேக்கு உதவியாக இருந்திருக்கும்.

பிந்தைய தலைமுறை டீஜேக்களுக்கு வேறொரு சாக்கு கிடைத்தது: மிக்ஸ் ஆகாது. ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையைத் தையல் தெரியாமல் ஒட்ட வேண்டுமானால், இரண்டின் தாளமும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் போக வேண்டும். டிரம் மெஷின் அப்படிப் போகும். 1967இல் ஒரு ஸ்டூடியோவில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த மனிதன் அப்படிப் போகமாட்டான். பல்லவி திரும்பும்போது பாடகி உணர்ச்சிவசப்பட்டால் அவனுக்கும் கை கொஞ்சம் முந்தும். அடுத்த சரணத்தில் தணியும். அந்த முந்தலும் தணிதலும்தான் சோல். அதையே பிழை என்று தள்ளிவைக்கிறது இந்தத் தொழில். போதாததற்கு அந்தக் காலத் தட்டுகள் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். முன்னும் பின்னும் வெறும் தாளம் மட்டும் ஓடும் பகுதி கிடையாது. எடுத்த எடுப்பிலேயே மனுஷி பாட ஆரம்பித்துவிடுகிறாள். என்ன அவசரமோ!

சரி, பாடகி வேண்டாம், தாளம் மட்டும் போதும் என்று முடிவு செய்தபோது நடந்ததையும் பார்த்தோம். வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட 'கலர் ஹிம் ஃபாதர்' அருமையான சோல் பாட்டு. போரில் தந்தையை இழந்த வீட்டுக்கு வந்து, அடுத்தவன் பெற்ற பிள்ளைகளுக்காக உழைக்கும் ஒரு மனிதனை, பிள்ளை அப்பா என்று ஏற்றுக்கொள்ளும் பாட்டு. கிராமி விருதும் வாங்கியது. அந்தத் தட்டின் பி பக்கம் 'அமென், பிரதர்'. அதன் நடுவில் கிரெகரி கோல்மன் ஏழு வினாடி போல டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கிறார். கிளப் உலகம் கத்தரிக்கோலோடு பாய்ந்தது அந்த ஏழு வினாடியின் மேல். 1990களின் பிரிட்டிஷ் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இரண்டும் அந்தத் துண்டை வெட்டி ஒட்டித்தான் எழுந்தன. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. தட்டைத் திருப்பி ஏ பக்கத்தைப் போட்டவர் எத்தனை பேர்? கோழியை உரித்துக் கொண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போன கூட்டம்.

கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் வீடின்றி, காசின்றி இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு உரிமைத் தொகை என்று பல்லாண்டுகள் ஒரு பைசா வரவில்லை. 2015இல் ஒரு பிரிட்டிஷ் டீஜே முன்கை எடுத்து, நன்றியுள்ளவர்களிடம் உண்டியல் குலுக்கி 24,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார். அந்த நல்ல மனதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஒரு முழு இசை வகை, அதன் மேல் எழுந்த கம்பெனிகள், விழாக்கள், விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் உண்டியல் தேவைப்பட்டதே, அதைத்தான் சொல்கிறேன்.

குளோரியா ஜோன்ஸ் கதையில் இன்னும் கொஞ்சம் காரம் உண்டு. 1965இல் அவர் வெளியிட்ட ஒரு தட்டின் பி பக்கம் 'டெயின்டட் லவ்'. விற்கவில்லை. 1973இல் ரிச்சர்ட் சீர்லிங் என்ற டீஜே அமெரிக்காவில் அதை வாங்கி வந்தார். வடக்கு முழுக்கப் பற்றிக்கொண்டது. குளோரியா ஜோன்ஸ் அதே 1970களில் அதே இங்கிலாந்தில்தான் இருந்தார். லண்டனில் டி. ரெக்ஸ் குழுவில் பின்னணி பாடிக்கொண்டு, கீபோர்டு வாசித்துக்கொண்டு. வடக்கே அவருடைய பழைய குரல் ராணி. தெற்கே அவர் பக்கவாத்தியம். 1976இல் அதே பாட்டை அவரே மறுபடி பாடி வெளியிட்டார், எடுபடவில்லை. 1981இல் சாஃப்ட் செல் என்ற இரண்டு வெள்ளைப் பையன்கள் சிந்தசைசரில் போட்டார்கள்: பிரிட்டனில் முதலிடம், அமெரிக்கப் பட்டியலில் 43 வாரம். அதில் எழுதியவருக்கு உரிமைத் தொகை உண்டு. முதலில் பாடியவருக்கு அந்தப் பதிவிலிருந்து சட்டப்படி எதுவும் கிடையாது.

கம்பெனிக்காரர்கள் செய்த பாவத்தையெல்லாம் டீஜே தலையில் கட்டுகிறாய் என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயம்தான். பாடகி பெட்டி லாவெட் 1972இல் மசில் ஷோல்ஸில் ஒரு முழு எல்பி பதிவு செய்தார்; அட்லாண்டிக் கம்பெனி காரணம் சொல்லாமல் அலமாரியில் போட்டுப் பூட்டியது. 2000இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டு வாங்கி வெளியிட்டார். 28 வருடம்! அதில் எந்த டீஜேக்கும் பங்கில்லை. விகனில் ஆடிய ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகள் இல்லாவிட்டால் பாதித் தட்டுகள் குப்பைமேட்டில் கிடந்திருக்கும் என்பதும் உண்மை. அவர்கள் காசு கொடுத்தார்கள், கால் தேய ஆடினார்கள், பாடகர்கள் நேரில் வந்தபோது தெய்வமாகக் கொண்டாடினார்கள். காடின் மாதிரியானவர்கள் வேகத்தை மதிக்காமல் குரலை மதித்து, மெதுவான டீப் சோல் பாட்டுகளைத் தொகுத்து 1997 முதல் குறுந்தகடுகளாகக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் கோபம் கூடுகிறது. காது இருந்திருக்கிறது. கேட்டும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு மூடி வைத்தார்கள்.

இப்போது புதிய பூசாரிகள் வந்திருக்கிறார்கள். தடித்த வைனலில் மறுபதிப்பு, மேலே ஒரு ஸ்டிக்கர்: 'தொலைந்துபோன மாணிக்கம்'. யாரிடமிருந்து தொலைந்தது? டோரிஸ் டியூக்கின் பாட்டை 1970இல் காசு கொடுத்து வாங்கிய கறுப்பினப் பெண்களிடமிருந்தா? உள்ளே நாலு பக்கக் கட்டுரை: எந்த ஊரில், எந்த மழையில், எந்தப் பழைய சாமான் கடையின் எத்தனையாவது பெட்டியில் இந்தத் தட்டு இவர் கையில் அகப்பட்டது என்று. பாடகிக்கு ஒரு பத்தி. பிறந்த ஊர் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, தட்டின் வரிசை எண்ணை மட்டும் பிசகாமல் போடுகிறார்கள்.

அமெரிக்காவில் இன்றைக்கும் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. 1972க்கு முன் பதிவான பாட்டுகளுக்கு 2018 வரை கூட்டரசின் காப்புரிமைப் பாதுகாப்பே கிடையாது. சோலின் பொற்காலம் முழுக்க அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுகிறது. வானொலி முதலாளிகளைக் கேட்டால் நாங்கள்தான் பாடகருக்கு இலவசமாக விளம்பரம் கொடுக்கிறோமே என்கிறார்கள். செத்துப்போன பாடகர்களுக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பில் போடாமல்.