நோயாளிக்கு எதுக்கு மாப்ளே வாயி?

ஒடம்புக்குச் சரியில்லையா மாப்ளே? அப்ப மாத்திரை முழுங்க மட்டும் வாயைத் தொற. மருந்து வெலை கூடுதலா? காட்டை வித்துக் கட்டு. நாலு சீக்காளி சேந்து சங்கம் கிங்கம்னு மட்டும் ஆரம்பிச்சிராதீக. மும்பையில ஒரு கூட்டம் அப்பிடித்தான் கெட்டுப்போச்சு.

புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம்னு பேரு. ரத்தப் புத்துக்குக் கிளிவெக்னு ஒரு மாத்திரை. நோவார்ட்டிஸ் கம்பெனிச் சரக்கு அப்ப மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூவா. நம்ம நாட்டுக் கம்பெனிக செஞ்சது சுமார் 10,000. அந்த மருந்தோட புதுப் படிக வடிவத்துக்குக் காப்புரிமை குடுன்னு சென்னைக் காப்புரிமை அலுவலகத்துல நோவார்ட்டிஸ் மனுப் போட்டிருந்துச்சு. நல்ல நோயாளின்னா என்ன செய்யணும்? கொலசாமிக்கு நேந்துக்கிட்டு சும்மா கெடக்கணும். இவுக சட்டத்தைப் பொரட்டிட்டாக. காப்புரிமை குடுக்கு முன்ன யாரு வேணாலும் ஆட்சேபனை சொல்லலாம்னு 25-ஆம் பிரிவுல இருக்கு. பழைய மருந்தைப் புது வடிவத்துல கொண்டாந்தா, குணப்படுத்துற சக்தி கூடியிருந்தாத்தான் காப்புரிமைன்னு 3(டி) பிரிவுல இருக்கு. போட்டாக ஆட்சேபனையை.

2006 ஜனவரியில சென்னை அலுவலகம் காப்புரிமை இல்லைன்னுருச்சு. 3(டி) பிரிவே செல்லாதுன்னு கம்பெனி போட்ட வழக்கை 2007-ல சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிருச்சு. கடேசியில உச்ச நீதிமன்றமும் கையை விரிச்ச நாளு 2013 ஏப்ரல் 1. அன்னிக்கு முட்டாளானது யாருன்னு நான் சொல்லமாட்டேன்.

அடுத்து ரெண்டு பொம்பளப் பிள்ளைக. ஒண்ணு மும்பை, ஒண்ணு தென்னாப்பிரிக்கா. காசநோய்க்குக் குடுத்த மருந்தால ரெண்டுக்கும் காது போச்சு. போனா வீட்டோட கெடக்க வேண்டியதுதான? அதே நோய்க்கு வேற மருந்தான பெடாகுவிலின் மாத்திரை மேல இருந்த உரிமையை இன்னும் நாலு வருசம் நீட்ட ஜான்சன் அண்ட் ஜான்சன் பாத்தப்ப, குறுக்க வந்து ஆட்சேபனை போட்டாக. 2023 மார்ச்சுல மும்பை அலுவலகம் கம்பெனி மனுவைத் தள்ளிருச்சு. காது கேக்காத பிள்ளைக சொன்னது ஆபீசருக்குக் கேட்டிருச்சு பாரு!

இப்பக் கம்பெனிக்காரவுகளும் வெவரமாயிட்டாக. எத்தனையோ நாட்டுல நோயாளிச் சங்கங்களுக்கு நிதி குடுக்குறதே அவுகதான். மண்டப வாடகை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் தந்தா வேண்டாங்காத மாப்ளே, பிரியாணி மேல நமக்கென்ன கோவம்? தின்னு முடிச்ச பெறகு வெலையைப் பத்திக் கேக்க நாக்கு எந்திரிக்குதான்னு மட்டும் பாத்துக்க.

சர்க்காரும் சும்மா இல்ல. முன்ன ஓசியில போட்ட ஆட்சேபனைக்கு 2024 மார்ச்சுல விதியைத் திருத்திக் கட்டணம் வச்சிருச்சு. அந்த ஆட்சேபனை விசாரிக்கத் தகுமான்னு அதிகாரி மொதல்ல பாப்பாராம்.

ஆனா ஆட்சேபனை சொல்ற உரிமையை இன்னும் எடுக்கல. அதுக்குள்ள, ஒன்னைய மாதிரி நாலு சீக்காளியக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு நல்ல வக்கீலைப் பாரு. வக்கீல் பீசுக்கு மட்டும் மருந்துக் கம்பெனி வாசல்ல போயி நிக்காத.