8 ஜிபி லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு

கேள்வி: லினக்ஸுக்கு நான் புதுசு. என் பழைய போனுக்கு ஆண்ட்ராய்டை மூலநிரலிலிருந்து நானே பில்டு செய்ய ஆசை. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதுமா?

பதில்: யானைப் பசிக்குச் சோளப்பொரி! கூகுளின் ஆவணம் கேட்பது 64 ஜிபி ராம், 400 ஜிபி காலி இடம். அதில் 250 ஜிபி, மூலநிரலை இறக்கி வைக்க மட்டுமே.

அதற்காக ஆசையை விட்டுவிடாதீர்கள். உபுண்டுவை நிறுவி, முதலில் டெர்மினலில் கை பழகட்டும். பிறகு கெர்னலை மட்டும் பில்டு செய்யுங்கள். அதற்கு 8 ஜிபி தாராளம். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். ஜிபிஎல் உரிமப்படி, போன் விற்கும் கம்பெனி அதன் மூலநிரலைத் தந்தே ஆகவேண்டும். கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை!

பில்டு பாதியில் நின்றால் பதற வேண்டாம். கடைசி வரியை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. காரணம் பெரும்பாலும் மேலே, முதல் 'எரர்' வரியில் இருக்கும். 'கில்டு' என்று வந்து நின்றால், அநேகமாக ராம் தீர்ந்துவிட்டது. 'மேக்' கட்டளையில் '-ஜே8' (ஒரே நேரத்தில் எட்டு வேலை) என்று கொடுத்திருந்தால் '-ஜே2' ஆக்குங்கள். மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும்.

முழு ஆண்ட்ராய்டு வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ்ஸின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆயத்த பில்டே கிடைக்கும். அதை நிறுவ, போனைத் துவக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். குடும்பப் படங்களை முதலில் பத்திரப்படுத்துங்கள்!